பெரியப்பா நெற்றியில் விக்டோரியா ராணி

சாவு வீட்டில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லிவிடுகிறார்கள். போகும்போது 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறார்கள். இறந்தவரின் உடம்பிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அப்படிச் சொல்ல வேண்டிய ஒரு பிள்ளை நம் வீட்டில் பிறக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்? எங்கள் குடும்பத்தில் இப்போது அதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். காரணம் நான்.

நான் திருடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுதும் படித்து முடித்த பிறகு, இதற்குத் திருடியிருந்தாலே தேவலை, மானமாவது மிஞ்சியிருக்கும் என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆள், பட்டம் வாங்கிய முதல் ஆள், அந்தப் பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிய முதல் ஆள் எல்லாமே நான்தான். எனக்கு முன்னால் எல்லோரும் யார் யாருடைய நிலத்திலோ நாற்று நட்டவர்கள். பிறகு பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் வந்ததும் அதில் மண் அள்ளப் போனவர்கள். நான் எம்.ஏ. வரலாறு. மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இந்தப் பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது என்று சொன்னால் போதாது. மளிகைக் கடையில் மிளகாய் கேட்டால், மிளகாய் நம் ஊருக்கு எந்தக் கண்டத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குவேன். (கடைக்காரர் என்னைக் கண்டாலே மிளகாயை எடுத்து முன்னால் வைத்துவிடுவார், கேட்கவே விடமாட்டார்.)

படித்தவளுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் அல்லவா? பழைய நாணயம் சேர்க்கலாம் என்று முடிவு செய்தேன். முதல் சம்பளத்தில் பண்ருட்டித் திருவிழாவில் ஒருவரிடம் விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து தேய்த்துப் பார்த்தால் வெள்ளிக்குள்ளிருந்து ஈயம் எட்டிப் பார்த்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஏமாந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள என் பட்டம் இடம் கொடுக்கவில்லை. அப்போதுதான் எங்கோ படித்தேன்: கள்ளக்காசிலும் இரண்டு வகை உண்டு. இன்றைக்கு யாரோ நம்மை ஏமாற்றுவதற்காகச் செய்து அழுக்கேற்றியது ஒன்று. அந்தக் காலத்திலேயே, ராணியின் ஆட்சியிலேயே, எவனோ கொல்லைப்புறத்தில் வார்த்துச் சந்தையில் மாற்றிய காசு இன்னொன்று. முதலாவது குப்பை. இரண்டாவது வரலாறு. அதைத் தேடிச் சேர்ப்பவர்களே இருக்கிறார்கள். என்னிடம் இருந்தது இரண்டாவது வகை.

அன்றைக்கே முடிவு செய்தேன். நான் ஏமாந்தவள் இல்லை, சேகரிப்பாளர்.

அதன்பிறகு உண்மையிலேயே எனக்கு அதில் பைத்தியம் பிடித்தது. நல்ல காசு என்பது அரசாங்க இயந்திரம் துப்பியது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கள்ளக்காசில் ஒரு ஆள் தெரிவான். அவனுடைய அவசரம் தெரியும், பயம் தெரியும். ஒரு காசில் எழுத்து இடவலமாகத் திரும்பியிருக்கும். இன்னொன்றில் தேதியின் கடைசி எண்ணுக்கு இடம் போதாமல் ராணியின் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். என்னிடம் இருந்ததிலேயே சிறந்தது ஒரு ரூபாய்க் காசு. அச்சு வெட்டியவன் வெள்ளைக்காரியைக் கண்ணால் பார்த்ததே இல்லை போல. அதில் ராணிக்குக் கொண்டை தாழ்ந்து, மூக்கு அகன்று, கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி முடித்த களைப்பு முகத்தில் இருந்தது. மேலே வெள்ளி முலாம், உள்ளே ஈயம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர் வரலாற்றில் எங்கள் ஆட்களும் எங்கேயோ இருந்திருக்கிறார்கள் என்ற திருப்தி வரும். (கள்ளக்காசு அடித்தவனாக இருந்தால் என்ன, அவனும் ஒரு கைத்தொழில் தெரிந்தவன்தானே.)

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரே ஒரு நல்ல வெள்ளி ரூபாயும் வாங்கினேன். என்னிடம் இருந்த பொருள்களிலேயே விலை அதிகமானது அதுதான். அதைத் தனியாகப் பவுடர் டப்பாவில் பஞ்சு வைத்துப் பாதுகாத்தேன். கள்ளக்காசுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன.

இதில் வீட்டுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். பிஸ்கட் டின்னில் இருப்பது 'பழைய காசு' என்று சொல்லியிருந்தேன். 'கள்ளக்காசு' என்று சொல்லவில்லை. நெல் மூட்டையும் செங்கல்லும் தூக்கிப் படிக்க வைத்த அம்மாவிடம், 'உன் பெண் சம்பளத்தைக் கொடுத்துச் செல்லாக்காசு வாங்குகிறாள்' என்று எந்த வாயால் சொல்வது? அம்மா பாட்டுக்குத் தெருவில், "எம் பொண்ணு பொட்டி நெறைய வெள்ளிக்காசு சேத்து வச்சிகினுகீது. கல்யாணத்துக்கு ஆவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி வரலாறு படித்துக்கொண்டிருந்தேன்.

போதாததற்கு ஒரு காணும் பொங்கலன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது ஒரு விரிவுரை நிகழ்த்தினேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல ரூபாயைச் சிமெண்ட் தரையில் போட்டுக் காட்டினேன். 'டங்ங்' என்று மணி போல ஓசை எழும்பி நின்றது. "இதுதான் நல்ல காசு. கள்ளக்காசாக இருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். யாராலும் ஏமாற்ற முடியாது" என்றேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். முத்தாண்டிக்குப்பத்து அத்தைகூட, அதாவது அப்பாவின் தங்கை, எதிலும் குறை கண்டுபிடிக்கும் அத்தை, தலையாட்டினார். என் வாழ்க்கையில் நான் நடத்திய பாடங்களில் மாணவர்கள் மறக்காமல் நினைவில் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

இனி பெரியப்பா.

அப்பாவின் அண்ணன். எங்களுக்கு அடுத்த சந்தில் வீடு. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 'அடுத்த லிஸ்டுல பர்மனன்ட் ஆயிடும்' என்று யாரோ சொன்னதை நம்பி, ஒவ்வொரு லிஸ்டுக்கும் பெரியம்மா ஒரு தேங்காய் உடைத்தார். தேங்காய் விலைதான் ஏறிக்கொண்டே போனது. கன்வேயர் பெல்ட் ஓடும் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பெரியப்பாவின் குரல் எப்போதோ போய்விட்டது. பேசினால் சொல் வெளியே பரவாது. ஈரக்கட்டையில் தட்டியது போல அங்கேயே விழுந்துவிடும். அதனாலேயே ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். 'வா', 'போ', 'சாப்டு', 'குடுக்காத'. இந்தக் கடைசி வார்த்தையைப் பெரியம்மா யாருக்காவது கைமாத்து கொடுக்கப் போகும்போது சொல்வார்.

என்னிடம் அவர் சொன்ன வார்த்தை 'படி'. நைட் ஷிப்ட் முடிந்து, கண்ணில் கரியோடு வந்து, தூங்காமல் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் படுப்பார். கேட்டில் இறக்கிவிட்டு அந்த ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு யாரும் அறிவுரை சொன்னதில்லை, தேவையும் படவில்லை.

அவர் ஒரு விடியற்காலையில் டீ கேட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் அப்போது பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலூருக்கு ஒரு வினாடி வினாப் போட்டிக்குப் போயிருந்தேன். தகவல் வந்து, பிள்ளைகளை வேறொரு டீச்சரிடம் ஒப்படைத்து, பஸ் பிடித்து நான் வந்து சேரும்போது நடுப்பகல் தாண்டிவிட்டது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டிக்குள் பெரியப்பா படுத்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் பெரியம்மா. காலையிலிருந்து அவர் அழவில்லையாம். ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை இல்லை. சுற்றி இருந்த பெண்கள் அவரை உலுக்கி, "அழுதுடுக்கா, உள்ளயே வச்சிக்காத" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகம் மழித்திருந்தது. நெற்றியில் பட்டையாகச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் ஒரு காசு.

எங்கள் பக்கம் இறந்தவர்களின் நெற்றியில் ஒரு காசு ஒட்டுவது வழக்கம். சாதாரண ஒரு ரூபாய்க் காசுதான் ஒட்டுவார்கள். சுடுகாட்டில் குழி வெட்டுகிறவருக்கு அது சேரும். ஆனால் பெரியப்பாவின் நெற்றியில் இருந்தது பெரிய வட்டமாக, வெள்ளையாக இருந்தது. குனிந்தேன். கொண்டை தாழ்ந்து, மூக்கு அகன்று, கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி முடித்த களைப்போடு விக்டோரியா ராணி என்னைப் பார்த்தார்.

அம்மா என் தோளைத் தொட்டு, காதோரம் சொன்னார். அந்தத் துக்கத்திலும் குரலில் ஒரு மிடுக்கு.

"ஒம் பொட்டிலேர்ந்துதான் எடுத்து வெச்சேன். எதிர்வூட்டு மல்லிகா புருஷன் செத்தப்ப வெள்ளிக்காசு வெச்சாங்க இல்ல? அவரு பர்மனன்ட்டுன்னா எங்க மாமா கொறச்சலா? வந்தவங்க எல்லாம் கேட்டுகினே கீறாங்க. படிச்ச பொண்ணு கீற வூடுன்னு பேசிக்கிறாங்க."

அம்மா 'பொட்டி' என்றது என் பிஸ்கட் டின்னை.

அம்மாவைத் தனியாக அழைத்துப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். புத்தியுள்ளவள் அதைத்தான் செய்வாள். ஆனால் அம்மாவின் முகத்தில் இருந்த அந்த மிடுக்கைப் பார்த்த பிறகு முடியவில்லை. சரி, சும்மா விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. குழி வெட்டும் ஆறுமுகம் அண்ணன் காசைக் கல்லில் போட்டுப் பார்க்காமல் இடுப்பில் செருகமாட்டார். சுடுகாட்டிலிருந்து செய்தி ஊருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? இதெல்லாம் கௌரவக் கணக்கு. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. வாழ்நாள் முழுக்க யாரோ 'அடுத்த லிஸ்ட்' என்று சொல்லியே ஏமாற்றிய ஒரு மனிதருக்குக் கடைசியாக நாங்கள் கொடுத்தனுப்புவதும் ஈயக்காசா? அதுவும் என் பெட்டியிலிருந்தா?

வீட்டுக்கு ஓடினேன். பவுடர் டப்பாவைத் திறந்து அந்த ஒரே நல்ல ரூபாயை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். காசை மாற்றிவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல், மரியாதையாக, ஒரு நொடியில். (இந்தத் திட்டத்தில் எந்தக் குறையும் எனக்கு அப்போது தெரியவில்லை. நான் எம்.ஏ. என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன்.)

முதல் தடை கண்ணாடி மூடி. பெரியப்பா மகன் சேகர் அண்ணன் பெட்டிக்குக் காவல் போல நின்றிருந்தார்.

"அண்ணா, மூடிய கொஞ்சம் தொறங்க. முகத்தைத் தொட்டுப் பாக்கணும்."

"தொறந்தா கூலிங் போயிடும்மா. பொட்டிக்காரன் சொல்லிட்டுதான் போனான்."

வேறு வழி? அழுதேன். ஊரில் எந்தச் சாவுக்கும் நான் சத்தமாக அழுததில்லை. படித்தவர்கள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொள்வார்கள் என்பது என் கொள்கை. அன்று பெட்டியின் மேல் விழுந்து, மாரில் அடித்துக்கொண்டு, "என்னச் சைக்கிள்ல வச்சிகினு போனியே பெரியப்பா" என்று கத்தினேன். நடிப்பாகத்தான் தொடங்கினேன். சைக்கிள் என்ற வார்த்தை வந்ததும் எது நடிப்பு எது நிஜம் என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. பெண்கள் எல்லாம் அசந்துபோனார்கள். "டீச்சரே அழுவுது பாரு" என்று யாரோ விம்மினார்கள். "தொறந்து வுடுடா சேகரு, பொண்ணு கடசியா தொடட்டும்" என்று அத்தையே சிபாரிசு செய்தார். மூடி திறந்தது. வெள்ளையாகப் புகை வந்தது.

நான் அவர் முகத்தின் மேல் கவிழ்ந்தேன். முடியும் துப்பட்டாவும் திரையாக விழுந்தன. ஒரு கை கன்னத்தில். இன்னொரு கையில் நல்ல ரூபாயைச் சுண்டுவிரலால் அடக்கிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் ராணியை நெம்பினேன்.

வரவில்லை.

காலையில் ஒட்டிய சந்தனம் குளிரில் இறுகி, காரை மாதிரி ஆகியிருந்தது. நகம் ஒடிந்ததுதான் மிச்சம். அழுதுகொண்டே நெம்பினேன். நெம்பிக்கொண்டே அழுதேன். நான் இழுக்க இழுக்கப் பெரியப்பாவின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆடியது. வேண்டாம், வேண்டாம் என்று அவர் சொல்வது போல. உயிரோடு இருந்தபோது அவர் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. அன்று தட்டினேன். ஒரே இழுப்பாக இழுத்தேன். காசு கழன்று வந்தது. விரல்கள் மரத்துப் போயிருந்ததால் கழன்றதே எனக்குத் தெரியவில்லை. அது பெட்டியின் விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்தது.

மேளக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தியிருந்த நேரம் அது. பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம்.

டொக்.

அந்தச் சத்தம் அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த சத்தம். நான்தானே பொங்கலன்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

முதலில் வாயைத் திறந்தது அத்தை. "இன்னாடி சத்தம் அது?"

அத்தை குனிந்து காசை எடுத்தார். நிதானமாக இன்னொரு முறை தரையில் போட்டார். டொக். பிறகு என் நெஞ்சோடு பொத்தியிருந்த கையைப் பார்த்தார்.

"கையில இன்னா?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

"சேகரு, அவ கைய பிரிடா."

சேகர் அண்ணன் என் விரல்களைப் பிரித்தார். உள்ளங்கையில் நல்ல ரூபாய் பளபளத்தது. அத்தை அதைப் பிடுங்கித் தரையில் போட்டார். 'டங்ங்' என்று மணி அடித்தது. அந்த ஓசை அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பாத்துக்கினீங்களா?" என்றார் அத்தை, கூட்டத்தைப் பார்த்து. "நல்ல காச கழட்டி கையில வச்சிகினு, கள்ளக்காச நெத்தில வெக்கப் பாத்துருக்கா. பொணத்து மேல கை வெச்சவ இவ. இந்தக் கருமத்துக்குதான் பொட்டி மேல வியுந்து பொரண்டியாடி?"

ஒரு குற்றவாளிக்கு எதிராக இவ்வளவு பொருத்தமான சாட்சியம் எந்த வழக்கிலும் கிடைத்திருக்காது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றார். என்னைக் காப்பாற்றத்தான் எழுந்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

"நான் வெச்சது நல்ல காசுதான்!" என்றார் அம்மா. "என் கையால பொட்டிலேர்ந்து எடுத்து வெச்சேன். செல்லாக்காசு வெக்கிற ஆளா நானு?"

கதை முடிந்தது. பெற்ற தாயே சாட்சி.

"அம்மா, அது கள்ளக்காசுதான். நீ வச்சதே கள்ளக்காசு. கையில இருக்கிறதுதான் நல்லது. அதை வைக்கத்தான் வந்தேன்."

"அப்ப ஒம் பொட்டில எப்டி வந்துது கள்ளக்காசு?"

"பெட்டியில இருக்கிறது எல்லாமே கள்ளக்காசுதான்."

பிறகு அத்தை கேட்டார், நியாயமான கேள்விதான்: "எவடி சம்பளத்தக் குடுத்துக் கள்ளக்காசு வாங்குவா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு."

வரலாற்று மதிப்பு பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "வார்ப்புக்காசு, அச்சுக்காசு..." என்ற இடத்தில் சேகர் அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு அப்பா செத்திருந்தார். நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி. திருடி என்று பெயர் வாங்கலாம். அல்லது முட்டாள் என்று நிரூபிக்கலாம். இரண்டாவது வழிக்கு ஆதாரம் பிஸ்கட் டின்னில் தயாராக இருந்தது.

"போய் எடுத்துக்கினு வாங்க. எல்லாத்தையும் கீழ போட்டுப் பாருங்க" என்றேன்.

அம்மாவே போய் எடுத்து வந்தார். டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த அந்த நடையை நான் மறக்கமாட்டேன். என் கல்யாணம் அதற்குள் இருப்பதாக அப்போதும் நம்பிக்கொண்டிருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் காசை எடுத்து, முந்தானையால் துடைத்துப் போட்டார்.

டொக்.

"இது ஏதோ ஒண்ணு கலந்துடுச்சி" என்று அடுத்ததை எடுத்தார்.

டொக்.

அதற்கு அடுத்தது. டொக். அம்மாவின் கை வேகமானது. பிறகு மெதுவானது. டொக். டொக். வெளியிலிருந்து ஆண்கள் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு மல்லிகா அக்கா நன்றாகக் கேட்கும்படி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். அத்தனை காசில் ஒன்றாவது மணியடித்துவிடாதா என்று நானே வேண்ட ஆரம்பித்துவிட்டேன். ஒரு விற்பவராவது தவறிப்போய் எனக்கு நல்ல காசைக் கொடுத்து ஏமாந்திருக்கக் கூடாதா? அப்படி ஒரு நேர்மையில்லாதவரை நான் சந்திக்கவே இல்லை. எல்லோரும் உத்தமமான கள்ளக்காசையே கொடுத்திருந்தார்கள்.

கடைசிக் காசு விழுந்ததும் அம்மா காலி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்காடி நாங்க கல்லு சொமந்தோம்?"

கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். திருடி என்ற பட்டமே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றிய இடம் அது. இந்தக் கட்டுரையில் வேறு எதை வேண்டுமானாலும் சிரித்துக்கொண்டு எழுதுவேன், அந்த ஒரு வரியை முடியாது.

அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. விக்கல் போல இருந்தது. திரும்பினால் பெரியம்மா. தரை முழுக்கச் சிதறிக் கிடந்த காசுகளைப் பார்த்துத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார். காலையிலிருந்து வாய் திறக்காதவர், புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து சிரிக்கிறார். பெண்கள் பயந்துபோய் அவரைப் பிடித்தார்கள்.

"எல்லாமே டொக்கா?" என்று கேட்டார் பெரியம்மா. "ஒண்ணு கூடவா இல்ல? ஏன்டி, ஒரு கூடை கத்திரிக்கா வாங்குனா கூட ரெண்டு நல்லது இருக்குமேடி!"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் நிற்கவில்லை. சிரிப்பு எப்போது ஓலமாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. "அப்பாடா, அழுதுட்டா" என்று பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

அழுது ஓய்ந்து பெரியம்மா முகத்தைத் துடைத்தபோது அத்தை இரண்டு காசுகளையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இப்ப எதை வெக்கிறது?" என்று கேட்டார். கேள்வி கேட்கும்போதே என்னைப் பார்த்து ஒரு முறைப்பு.

"நல்லத வையி" என்றார் பெரியம்மா. "ஆயுசு பூரா கான்ட்ராக்டாவே இருந்துட்டாரு. போவும்போதாவது பர்மனன்ட்டா போவட்டும்."

புதுச் சந்தனம் குழைத்தார்கள். என்னுடைய ஒரே நல்ல ரூபாய் பெரியப்பாவின் நெற்றியில் ஏறியது. சாயங்காலம் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். சுடுகாட்டில் ஆறுமுகம் அண்ணன், விஷயம் அதற்குள் அங்கேயும் போய்விட்டதால், காசை வாங்கி மண்வெட்டித் தகட்டில் ஒரு முறைக்கு மூன்று முறை போட்டுப் பார்த்தாராம். மூன்று முறையும் மணி அடித்ததாம். "டீச்சர் வூட்டுக் காசு ஆச்சே, அதான் சந்தேகம்" என்றாராம். சேகர் அண்ணன் வந்து சொன்னார். அன்று அவர் என்னிடம் பேசிய ஒரே விஷயம் அது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் வாங்கி வரும் எந்தப் பொருளும் நேராக உள்ளே போவதில்லை. தேங்காய், குக்கர் மூடி, அம்மாவுக்கு வாங்கிய வெள்ளி மெட்டி எல்லாமே வாசலில் கீழே போட்டுப் பார்க்கப்பட்டு, சத்தம் திருப்தியாக இருந்தால்தான் அனுமதி. (மெட்டி மணியடித்தது. அம்மா அதைப் போட்டுக்கொண்டார். ஆனால் இன்றுவரை நல்லா இருக்கு என்று சொல்லவில்லை.) போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அனல் மின் நிலையத்தில் பர்மனன்ட் என்று தரகர் சொன்னதும், அத்தை பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு, கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"கீழ போட்டுப் பாத்தீங்களா?"

எங்கள் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் பதில் வரவில்லை.

பிஸ்கட் டின் என்னிடம் திரும்பி வந்துவிட்டது. அந்த ராணி மட்டும் வரவில்லை. நல்ல காசை ஒட்டி முடித்ததும் பெரியம்மா அத்தை கையிலிருந்து ஈயக்காசை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். "காலையிலேர்ந்து அவரு நெத்தில இருந்துது இதான்" என்று சொன்னார். ஆனால் என் சேகரிப்பிலேயே சிறந்தது அது. மனசு கேட்கவில்லை. சில மாதங்கள் பொறுத்துப் போய்க் கேட்டேன். வேண்டுமானால் பதிலுக்கு நிஜ வெள்ளி ரூபாய் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். (வெட்கம் என்று ஒன்று எனக்கு மிச்சமிருந்தால் அது அந்த ஐஸ் பெட்டியோடு திரும்பிப் போயிருக்கும்.)

பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். காசைத் தரையில் போட்டார்.

டொக்.

"அப்டியே அவரு கொரலு" என்றார்.

நான் குனிந்து ராணியைப் பார்த்தேன்.

"இன்னா சொல்றாரு, கேட்டுக்கினியா?"

"என்ன பெரியம்மா?"

இன்னொரு முறை போட்டார். அதே சத்தம். காசைப் பொறுக்கிப் பைக்குள் போட்டு, சுருக்கை இழுத்தார்.

"குடுக்காதன்றாரு."